மழை நாள் கணக்கில் வராது

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் டேலி கிளார்க். மூட்டை எண்ணுகிற வேலைதானே என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் கப்பலிலிருந்து கோதுமையோ உரமோ இறங்கும்போது, கொக்கியில் தொங்கி வரும் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் எத்தனை மூட்டை என்று ஒருத்தர் நின்று எழுதாவிட்டால் அங்கே எவன் கூலிக்கும் உத்தரவாதம் கிடையாது. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, ஐந்து. ஷிப்டு முழுக்க இதேதான். அவர் எண்ணுவது கரைப்பக்கக் கணக்கு. கப்பல் சார்பில் இன்னொருத்தர் தன் தாளில் தனியாக எண்ணிக்கொண்டிருப்பார். ஷிப்டு முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒத்துப்போனால் கையெழுத்து. போகாவிட்டால் அன்றைக்கு அப்பா திருவொற்றியூர் வந்து சேர ராத்திரி பதினொன்று ஆகிவிடும்.

கணினி வரலாற்றைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு மூட்டைக் கணக்கில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேர் தங்கள் வீட்டுக் கணினியைச் சும்மா கொடுத்துச் செய்த ஒரு பெரிய வேலையில், யார் எவ்வளவு செய்தார்கள், எப்போது முடித்தார்கள் என்று எப்படிக் கணக்கு வைத்தார்கள் என்பது எனக்குப் புரிந்ததே அப்பா வழியாகத்தான்.

2000-இல் ரிச்சி தெருவில் ஒரு கணினி அசெம்பிள் செய்து வாங்கினேன். செலரான் சிப், 64 எம்.பி. நினைவகம், ஒரு டயல்-அப் மோடம். ராயபுரம் எம்.சி. ரோடு பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் அப்போது எனக்கு வேலை. ராத்திரியில் கணினி சும்மாதானே இருக்கிறது என்று செட்டி அட் ஹோம் நிரலைப் போட்டேன். வேற்றுக்கிரக உயிர்களைத் தேடுகிற திட்டம். பெயரைக் கேட்டதும் அப்பா, "எந்தச் செட்டியார் கடைக் கணக்குடா?" என்றார்.

திட்டத்தின் யோசனை எளிமையானது. புவேர்ட்டோ ரிக்கோ தீவில் அரெசிபோ என்ற இடத்தில் 305 மீட்டர் அகலத்தில் ஒரு வானொலித் தொலைநோக்கி இருந்தது. அது வானத்திலிருந்து பிடித்த இரைச்சலை 35 ஜி.பி. நாடாக்களில் பதிந்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். இணையத்தில் இல்லை, தபாலில். பெர்க்லியில் அந்த இரைச்சலைச் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டும் 107 வினாடி நேரத்துச் சத்தம், சுமார் 340 கே.பி. இந்தத் துண்டு என் வீட்டுக் கணினிக்கு வரும். யாராவது வேண்டுமென்றே அனுப்பியது போல் ஏதாவது குறி அதில் தெரிகிறதா என்று கணினி மணிக்கணக்கில் துழாவும். முடிந்ததும் முடிவைத் திருப்பி அனுப்பி அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளும். 1999 மே 17 அன்று தொடங்கினார்கள். ஒரு லட்சம் பேர் வந்தால் பெரிது என்ற எதிர்பார்ப்பு. சில மாதங்களில் பத்து லட்சம் பேரைத் தாண்டியது. கடைசியில் ஐம்பது லட்சத்துக்கு மேல்.

என் செலரானுக்கு ஒரு துண்டு முடிக்க ஏறக்குறைய ஒரு முழு இரவும் அடுத்த நாள் காலையும் வேண்டும். இடையில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எண்ணூரில் அனல்மின் நிலையம், அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், பக்கத்தில் நாங்கள். சாம்பல் எங்கள் மொட்டைமாடிக்கு வரும், கரண்ட் எங்கேயோ போகும்.

அப்பா ரிட்டயர் ஆகி நாலைந்து வருடம் ஆகியிருந்தது. காலையில் காபியோடு வந்து திரையில் ஓடுகிற வண்ண மேடு பள்ளங்களைப் பார்ப்பார்.

"இதுக்கு இன்னாடா கூலி?"

"கூலி இல்ல நைனா. எத்தினி துண்டு முடிச்சோம்னு கணக்கு வெச்சிப்பாங்க. நூறு முடிச்சா ஒரு சர்ட்டிபிகேட்."

"யார் டேலி பண்றது?"

"அவங்க கம்ப்யூட்டரே எண்ணிக்கும்."

"நீ எண்ண மாட்ட?"

நான் எண்ணவில்லை. அவர் எண்ண ஆரம்பித்தார். தினசரி காலண்டர் கிழித்து முடித்த அட்டை ஒன்றின் பின்பக்கத்தில், நான் "முடிஞ்சிது" என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு. ஐந்தாவது குறுக்கே.

கூலி இல்லாத இடத்தில் எண்ணிக்கைதான் கூலி. பெர்க்லிக்காரர்களும் இதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். வேற்றுக்கிரகவாசியைக் கண்டுபிடிக்கிற ஆசையில் வந்த கூட்டம், ஒருவரை ஒருவர் முந்துகிற ஆசையில் தங்கிவிட்டது. நாடு வாரியாக, குழு வாரியாகப் பட்டியல்கள். எண்ணிக்கைக்கு மதிப்பு வந்ததும் எண்ணிக்கையில் தில்லுமுல்லும் வந்தது. செய்யாத வேலையைச் செய்ததாக அனுப்பினார்கள். ஒரே முடிவைப் பலமுறை அனுப்பினார்கள். நிரலையே பிரித்து வேகப்படுத்தினார்கள், அந்த வேகத்தில் விடை சரியா என்பது இரண்டாம் பட்சம். இன்னொரு சிக்கலும் இருந்தது. எல்லாத் துண்டும் ஒரே நேரம் எடுக்காது. சிலது சட்டென்று முடியும், சிலது இழுக்கும். ஆனால் இரண்டுக்கும் ஒரே ஒரு புள்ளி. எனவே இழுக்கிற துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுளுவான துண்டுக்குக் காத்திருந்தவர்கள் உண்டு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. துறைமுகத்தில் ஒரு ஷிப்டுக்கு இத்தனை டன் என்று ஓர் அளவு வைத்து, அதைத் தாண்டினால் ஊக்கத்தொகை. "நல்ல ஹேட்ச் எந்த கேங்குக்குன்னு காலையிலயே அடிதடி ஆவும்" என்றார்.

பெர்க்லி பக்கத்திலும் ஒரு தப்பு நடந்தது. ஆரம்ப மாதங்களில் ஆட்கள் அதிகம், துண்டுகள் குறைவு. ஏற்கெனவே முடித்த துண்டுகளையே மறுபடி மறுபடி அனுப்பினார்கள். தெரிந்ததும் பலர் கொதித்துப் போனார்கள். எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எண்ணியது வெறும் மூட்டையை. அன்றைய செட்டியில் இத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பு என்ற கெடு கிடையாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எப்போது அனுப்பினாலும் ஒரு புள்ளி. என்னைப் போன்றவனுக்கு அது வசதியாக இருந்தது.

அந்த வசதிக்கு ஒரே ஒரு கெடு வந்தது, கடைசியாக. 2004-இல் பாயிங்க் என்ற புதிய அமைப்புக்குத் திட்டம் மாறத் தொடங்கியது. பழைய செட்டியை 2005 டிசம்பர் 15 அன்று மூடப்போவதாக அறிவித்தார்கள். பழைய புள்ளிகள் புதிய கணக்கில் சேராது. என் எண்ணிக்கை அப்போது ஐந்நூறை நெருங்கிக்கொண்டிருந்தது. 500-க்கு ஒரு சான்றிதழ் உண்டு. அச்சடித்து மாட்டிக்கொள்கிற ஒரு தாள், அவ்வளவுதான். ஐந்து வருடமாக ராத்திரி ராத்திரி மின்விசிறி சத்தத்தோடு தூங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

2005-இல் மழை எப்படிப் பெய்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் கடைசியில் பிடித்தது, டிசம்பரிலும் விடவில்லை. மழைக்காலத்தில் போன் சாகும் என்பது தெரிந்த விஷயம் என்பதால் நிரலை நாலு ஃபோல்டர்களில் நகலெடுத்து, நாலு துண்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தேன். எதிர்பார்த்தபடியே போன் செத்தது. நாலும் முடிந்தது. கணக்கில் 497. கையில் 4.

டிசம்பர் 14 அன்று நாலு ஃப்ளாப்பியில் ஏற்றி, பாலித்தீன் கவரில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த பிரவுசிங் சென்டரில் கரண்ட் இல்லை, யு.பி.எஸ்ஸும் கையை விரித்திருந்தது. மறுநாள் கல்மண்டபம் பக்கம் இன்னொரு கடை. கரண்ட் இருந்தது. "ஃப்ளாப்பிலாம் போடக்கூடாது சார், வைரஸ் வரும்" என்றான் பையன். அவனிடம் வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றி விளக்கியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவன் என்னைப் பார்த்த பார்வையே வேறு. 16-ஆம் தேதி மாலை வீட்டு போன் உயிர்பெற்றது. அப்போது பெர்க்லியில் 16-ஆம் தேதி விடியற்காலை. கதவைச் சாத்தியிருந்தார்கள்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தத் தேதி எல்லோருக்கும் பொது. ஆனால் அப்பா ஒன்று கேட்டார், அது இன்று வரைக்கும் எனக்குள் ஓடுகிறது. "மழை நாளைக் கழிக்கலயா?"

கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் சரக்கு ஏற்றி இறக்க இத்தனை நாள் என்று ஒரு கெடு இருக்கும். தாண்டினால் கப்பல்காரனுக்கு நாள் கணக்கில் டெமரேஜ் கட்டவேண்டும். முன்னாலேயே முடித்தால் பல ஒப்பந்தங்களில் டெஸ்பாட்ச் என்று சரக்குக்காரனுக்குப் பணம் திரும்பும். ஆனால் அந்த நாள் எது என்பதில்தான் சூட்சுமம். "வெதர் ஒர்க்கிங் டே" என்று எழுதியிருந்தால், மழையால் ஹேட்ச் மூடி வேலை நின்ற நேரம் கெடுவில் சேராது. எத்தனை மணிக்கு மழை பிடித்தது, எத்தனை மணிக்கு விட்டது என்று தாளில் ஏறும். அரைமணி நேரத் தூறலுக்குக்கூட இரண்டு தரப்பும் வாதாடும், ஏனென்றால் அதில் பணம் இருக்கிறது. அப்பாவின் டேலி தாள்களில் கோடுகளுக்கு நடுவே "மழை 2.10 – 3.40" என்று எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கெடு என்றால் அவருக்கு எப்போதும் மழை கழித்த கெடுதான்.

பாயிங்க் வந்ததும் கெடு ஒவ்வொரு துண்டுக்கும் வந்தது. டேவிட் ஆண்டர்சன் என்ற பெர்க்லி ஆய்வாளர் வடிவமைத்த அமைப்பு அது. பழைய செட்டியின் நோய்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு மருந்து இருந்தது. முதலாவது, இரட்டை டேலி. ஒரு துண்டை ஒருத்தருக்கு மட்டும் அனுப்புவதில்லை. முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் புள்ளி. தொடக்கத்தில் செட்டியில் மூன்று விடை வேண்டும், பிறகு இரண்டு போதும் என்றார்கள். புள்ளியும் துண்டுக்கு ஒன்று என்று இல்லை. எவ்வளவு கணக்குப் போட்டாய் என்பதற்கு. அந்த அலகுக்குக் கோபிள்ஸ்டோன் என்று பெயர், செட்டியில் வேலை செய்த ஜெஃப் காப் என்பவர் பெயரை வைத்து. பின்னால் வந்த கணக்குப்படி, வினாடிக்கு நூறு கோடிக் கணக்குப் போடுகிற இயந்திரம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 200. ஆரம்பத்தில் ஒவ்வொரு கணினியும் எனக்கு இவ்வளவு என்று கேட்கும். மூன்று பேர் கேட்டால் அதிகமானதையும் குறைவானதையும் தள்ளி நடுவில் இருப்பதை மூவருக்கும் கொடுப்பார்கள். இரண்டு பேர் என்றால் குறைவானது. கந்துவட்டிக்காரன் பஞ்சாயத்து மாதிரி இருந்தாலும் வேலை செய்தது.

இரட்டை டேலி வந்துவிட்டால் கெடு தவிர்க்க முடியாதது. நான் என் துண்டை முடித்து அனுப்பிவிட்டேன். என் ஜோடி எங்கேயோ போலந்திலோ பிரேசிலிலோ கணினியை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். அவன் விடை வரும்வரை என் புள்ளி "நிலுவை" என்று தொங்கும். அதுவரை அந்தத் துண்டை பெர்க்லி தன் டிஸ்கில் வைத்துக் காக்கவேண்டும். லட்சக்கணக்கான துண்டுகள் இப்படித் தொங்கினால் இடம் போதாது. அதனால் ஒரு தேதி. தாண்டினால் அந்தத் துண்டு மூன்றாவது ஆளுக்குப் போகும். அப்பாவுக்கு இதை ஒரே வாக்கியத்தில் சொன்னேன், கப்பல் டேலிக்காரன் வராமல் ஓடிட்டா என்ன பண்ணுவீங்க என்று. "வேற ஆளை நிறுத்துவாங்க, எவ்ளோ நேரம் நிப்பாங்க" என்றார்.

கெடு தாண்டி வந்த விடையையும் பாயிங்க் உடனே குப்பையில் போடாது. அந்தத் துண்டின் கணக்கு இன்னும் முடிக்கப்படாமல் சர்வரில் இருந்தால், ஒப்பிட்டுப் பார்த்துப் புள்ளி கொடுத்துவிடும். அழிக்கப்பட்டிருந்தால் பூஜ்யம். அதாவது தாமதமாக வந்தவனின் கதி, மற்றவர்கள் எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பதில் இருக்கிறது. செட்டியில் கெடுவைச் சில வாரங்களிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம் வரை தாராளமாகவே வைத்தார்கள், மெதுவான கணினிகளும் ஓடட்டும் என்று. வேகக் கணினிக்காரர்களுக்கு அது எரிச்சல். அவர்கள் புள்ளி எங்களுக்காகக் காத்திருந்தது. 2012-இல் சென்னைக்கே தினம் இரண்டு மணிநேர மின்வெட்டு வந்தபோது நான் யாரோ ஒரு ஜெர்மானியனின் நிலுவைப் பட்டியலில் நாள்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்திருப்பேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நியாயம்தான்.

மழையைக் கழிக்கிற புத்தி எனக்குத் தெரிந்து ஒரு திட்டத்தில் ஓரளவுக்கு இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து 2003-இல் தொடங்கிய காலநிலைக் கணிப்புத் திட்டம் அது. ஒரு துண்டு என்பது ஓர் உலகத்தின் பல வருடத்துக் காலநிலையை ஓட்டிப் பார்ப்பது. சாதாரணக் கணினிக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். கெடு கிட்டத்தட்ட ஒரு வருடம். முடித்தால்தான் புள்ளி என்று சொன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். எனவே கணினி இடையிடையே சொட்டுச் சொட்டாகச் செய்தி அனுப்பும், ஒவ்வொரு சொட்டுக்கும் புள்ளி. பாதியில் ஹார்ட் டிஸ்க் போனாலும் அதுவரை செய்தது வரவில் நிற்கும். ஷிப்டு முடியும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு ஸ்லிங்குக்கும் கோடு போடுகிற முறை. அப்படிச் சேர்ந்த ஓட்டங்களை வைத்து 2005 ஜனவரியில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமி 2 டிகிரிக்குக் குறைவாகவும் சூடாகலாம், 11 டிகிரிக்கு மேலும் சூடாகலாம் என்கிற அகலமான விடை. எண்ணூர் கடற்கரையோரம் குடியிருப்பவன் அந்த எண்களைப் படிக்கும்போது வேற்றுக்கிரகவாசி கொஞ்சம் பின்னால் போய்விடுவான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஃபோல்டிங் அட் ஹோம். ஸ்டான்ஃபோர்டில் 2000-இல் தொடங்கியது, புரதங்கள் எப்படி மடிகின்றன என்று பார்க்கிற திட்டம். அங்கே ஒருவர் அனுப்பும் விடையிலிருந்துதான் அடுத்த துண்டு பிறக்கும், சங்கிலி மாதிரி. ஒருத்தர் தாமதித்தால் சங்கிலி நிற்கும். எனவே இரண்டு கெடு. முதல் கெடு தாண்டினால் துண்டு வேறு ஆளுக்கும் போகும், உனக்கு அடிப்படைப் புள்ளி மட்டும். இரண்டாவது தாண்டினால் ஒன்றுமில்லை. பிற்பாடு, எவ்வளவு சீக்கிரம் திருப்பி அனுப்புகிறாயோ அவ்வளவு கூடுதல் புள்ளி என்றும் வைத்தார்கள். அப்பா 2011-இல் இறந்துவிட்டார். இல்லாவிட்டால், "டெஸ்பாட்ச் மணி" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்.

புள்ளிகள் பெயர்களாக மாறியதும் ஒருமுறை நடந்தது. ஐன்ஸ்டீன் அட் ஹோம் என்ற திட்டத்தில், 2010-இல், வினாடிக்கு சுமார் 41 முறை சுழலும் ஒரு பல்சாரைக் கண்டுபிடித்தார்கள். அதே அரெசிபோவின் தரவுதான். கண்டுபிடித்தவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிறிஸ், ஹெலன் கோல்வின் தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் டேனியல் கெப்ஹார்ட் என்பவரின் கணினியும். சயன்ஸ் இதழில் அந்தக் கண்டுபிடிப்பு அவர்கள் பெயரோடு வந்தது. ஏன் இரண்டு ஊர்? இரட்டை டேலி. ஒரே துண்டு இரண்டு இடத்துக்குப் போனது, இரண்டு தாளும் ஒத்துப்போயின. மற்ற லட்சக்கணக்கான பேர் தேடிய இடங்களில் அது இல்லை என்று காட்டியதும் வேலைதான், ஆனால் இல்லை என்று சொன்னவனுக்குப் பெயர் வருவதில்லை. பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். கண்டுபிடித்தவர் பெயர், நிரல் எழுதியவர் பெயர், சர்வர் நடத்தியவர் பெயர், கடைசியில் "மற்றும் பலர்". அந்த "மற்றும் பலர்" வெறும் மரியாதைச் சொல் இல்லை, தேடிய அத்தனை பேரும்தான்.

தமிழில் இந்தக் கணக்கை நேர்த்தியாக வைத்தது மதுரைத் திட்டம் என்பேன். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தொடங்கியது. அங்கே துண்டு என்பது புத்தகத்தின் பக்கங்கள், கணினி என்பது மனிதர்கள். பல நாடுகளில் இருந்தவர்கள் தட்டச்சு செய்தார்கள், வேறு ஆட்கள் பிழை பார்த்தார்கள். பின்னால் பக்கப் படங்களைப் பிரித்துக் கொடுத்துப் பலர் சேர்ந்து ஒரு நூலை முடிக்கிற முறையும் வந்தது. புள்ளி கிடையாது, பட்டியல் கிடையாது. ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் தட்டியவர் யார், திருத்தியவர் யார் என்று பெயர்கள் உண்டு. நூலை யாரும் இலவசமாக எடுத்துப் பரப்பலாம், அந்த முகப்புப் பக்கத்தை மட்டும் வெட்டக்கூடாது என்பது நிபந்தனை. முகப்பை வெட்டிவிட்டு உரையை மட்டும் போட்டுக்கொண்ட இணையதளங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், கையெழுத்தில்லாத டேலி தாளைப் பார்த்தால் அப்பா முகம் போகிற மாதிரிதான் என் முகமும் போகும்.

செட்டி 2020 மார்ச் 31 அன்று புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தியது. ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிச் சத்தம் குறைந்து, என் பிறவியில் முதல்முறையாக அந்தச் சாலையில் காக்கா கத்துவது கேட்டது. அதே வருடம் டிசம்பர் 1 அன்று அரெசிபோ தொலைநோக்கியின் மேற்கூடு அறுந்து தட்டின் மேல் விழுந்தது.

மார்ச் கடைசியில் என் கணக்குப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்தேன். புதிய புள்ளிகள் ஒரு வரி. அதற்குக் கீழே, எதனோடும் கூட்டப்படாமல், "பழைய செட்டித் துண்டுகள்: 497". பீரோவில் அப்பாவின் பழைய கோப்புகளுக்கு நடுவே காலண்டர் அட்டையைத் தேடி எடுத்தேன். ஐந்து ஐந்தாக எண்ணினேன். 503.

எனக்கு இது முன்பே தெரியும். 2005 டிசம்பரில் மழை விட்ட பிறகு அவரே எண்ணி என்னிடம் காட்டியிருந்தார். கையில் நின்றுபோன 4. அதற்கு முன்னால் ஒரு ஃப்ளாப்பி கெட்டுப்போய் அனுப்பாமல் போன 2. நான் அவங்க கணக்குதான் கணக்கு நைனா, உன் அட்டையைத் திருத்திக்கோ என்றேன்.

"இன்னாத்துக்குத் திருத்தணும்? மூட்ட ஏத்துனது ஏத்துனதுதான்" என்றார். பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, கோடுகளுக்குக் கீழே, துறைமுகத்தில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில் எழுதினார்: ஷார்ட் லேண்டட் 6. மழை. கீழே தன் கையெழுத்தைப் போட்டு, பக்கத்தில் இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.